ஒரு படம் எரிந்தது, ஒரு படம் வழக்கில் பிழைத்தது



நமது காலாண்டு மின்னிதழில் வழக்கமாகத் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் பராமரிப்பு, குப்பை பிரித்தல், மெயின்டனன்ஸ் பாக்கி என்று வரும். இந்த முறை ஊர் வரலாறு பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். வங்கியில் பேரேடு எழுதிப் பழகிய கைதான் எனக்கு. ஆகவே இதை ஒரு வரவு செலவுக் கணக்கு போலவே எழுதியிருக்கிறேன். படித்துப் பாருங்கள்.

நம் பிளாக்குகளில் விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் ஒரு குறை சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சென்னை, பெங்களூர் என்றால் ஓவியக் கண்காட்சி உண்டு, பழைய படம் போட்டுக் காட்டும் சங்கம் உண்டு, பழைய கிராமபோன் ரிக்கார்டு விற்கும் கடை உண்டு. நாகர்கோவிலில் கடற்கரையும் கோயிலும் விட்டால் என்ன இருக்கிறது என்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இதற்கு இரண்டு பதில் உண்டு. ஒன்று, பெருநகரத்துப் பழங்கடைக்குச் சரக்கு நம்மைப் போன்ற ஊர்களிலிருந்துதான் போகிறது. இரண்டு, நம்மிடம் இருந்ததில் பாதியை நாம் கணக்கிலேயே ஏற்றவில்லை. இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

மூர் மார்க்கெட்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில், சிவப்புக் கட்டடமாக மூர் மார்க்கெட் இருந்தது. மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் பெயரால் அமைந்து, 1900-ம் ஆண்டு திறக்கப்பட்ட சந்தை. எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் வேலை பார்த்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போவது எனக்கு வழக்கம். பாடப்புத்தகம், பழைய ஆங்கில நாவல், கடிகாரம், லென்ஸ், கிளி, மீன் தொட்டி, கிராமபோன் ரிக்கார்டு எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். பாதி விலைக்குக் கேட்பதும், வியாபாரி கோபித்துக்கொள்வதும், திரும்பி நாலடி நடந்ததும் கூப்பிடுவதும் அன்றாடச் சடங்கு.

அங்கே ரிக்கார்டு உறைகளைப் புரட்டும்போது பின்பக்கத்தில் பேனா மையில் பெயரும் ஊரும் எழுதியிருக்கும். திருச்சி, காரைக்குடி, திருநெல்வேலி, பாலக்காடு என்று இருக்கும். சில உறைகளில் நம் ஊர்ப் பெயரும் இருந்தது. வீட்டுப் பெரியவர் காலமானதும், வீடு பாகம் பிரிந்ததும், அல்லது மகன் டேப்ரிக்கார்டர் வாங்கியதும் இந்தத் தட்டுகள் எடைக்குப் போயிருக்கும். அங்கிருந்து மொத்தமாக ரயிலேறி மூர் மார்க்கெட்டுக்கு வந்திருக்கும். பெருநகரத்தில் ஒருவர் ‘கண்டுபிடித்தேன்’ என்று மகிழ்கிற பொருள், சிறிய ஊரில் வேறொருவர் வேண்டாமென்று ஒதுக்கிய பொருள். இரட்டைப் பதிவு முறை படித்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு பக்கம் வரவு என்றால் இன்னொரு பக்கம் பற்று இருந்தே ஆகவேண்டும்.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. கடைக்காரர்கள் பிறகு அல்லிக்குளம் வணிக வளாகத்துக்கு மாறினார்கள். பழைய இடத்தில் இன்று புறநகர் ரயில் முனையம் நிற்கிறது. எண்பத்தைந்து ஆண்டுகளாகப் பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த காகிதமும் அரக்குத் தட்டும் ஒரே இரவில் போயின. நகரத்துக்குப் போனால் பத்திரம் என்று நினைப்பதற்கில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அரக்குத் தட்டில் நம் ஊர்

இசைத்தட்டைப் பார்த்தே இராத இளையவர்களுக்காகச் சில விவரங்கள். இந்தியாவில் வணிக ரீதியான ஒலிப்பதிவு 1902 நவம்பரில் கல்கத்தாவில் தொடங்கியது. கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க் வந்து கௌஹர் ஜான் முதலியோரைப் பதிவு செய்தார். 1908-ல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் ஆலை வந்தது. அந்தக் காலத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மூன்றேகால் நிமிடம்தான் பாட்டு. அரைமணி நேரம் ஆலாபனை செய்கிறவர்களும் அந்த மூன்று நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். தட்டின் மூலப்பொருள் அரக்கு, அதாவது மரக்கிளையில் பூச்சி கட்டும் அரக்கு. கீழே போட்டால் உடையும். நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு 1948-ல் அமெரிக்காவில் வந்து, பிறகு இங்கே பரவியது.

இந்தத் தட்டுகளில் நம் ஊர் எங்கே இருக்கிறது? கே. வி. மகாதேவன் என்ற பெயரைப் பழைய படப் பாடல் தட்டுகளில் நூற்றுக்கணக்கான முறை பார்த்திருப்பீர்கள். திருவிளையாடல், தில்லானா மோகனாம்பாள், கந்தன் கருணை, சங்கராபரணம் எல்லாம் அவர் இசை. திரைப்பட இசையமைப்புக்கு என்று தேசிய விருது ஏற்படுத்தியபோது, 1967-ம் ஆண்டுக்கான முதல் விருதைக் கந்தன் கருணைக்காகப் பெற்றவர் அவர்தான். சங்கராபரணத்துக்காக இரண்டாம் முறையும் பெற்றார். பெயருக்கு முன்னால் இருக்கும் அந்த ‘கே’ என்ன தெரியுமா? கிருஷ்ணன்கோவில். நம் வடசேரிக்குப் பக்கத்தில் இருக்கும் அதே கிருஷ்ணன்கோவில். 1918-ல் பிறந்தவர் அவர். ஒவ்வொரு தட்டின் லேபிளிலும் நம் தெருப்பெயர் ஓரெழுத்தாகச் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அடுத்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். 1908 நவம்பர் 29 அன்று ஒழுகினசேரியில் பிறந்தவர். வறுமையில் வளர்ந்து, நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்று, வில்லுப்பாட்டு பயின்று, டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, 1930-களின் நடுவில் சினிமாவுக்குப் போனார். 1936-ல் வந்த சதி லீலாவதி அவருடைய தொடக்க காலப் படங்களில் ஒன்று, எம். ஜி. ஆருக்கு அதுவே முதல் படம். நந்தனார் சரித்திரக் காலட்சேப பாணியை எடுத்துக்கொண்டு, படிப்பதற்காகப் பட்டணம் போகும் ஒரு பையனின் கதையாக அவர் ஆக்கிய ‘கிந்தனார்’ 1949-ல் நல்லதம்பி படத்தில் வந்தது. கல்விப் பிரசாரத்தை மக்கள் விழுந்து விழுந்து சிரித்தபடி கேட்ட காலம் அது.

கலைவாணரை நாம் மறக்கவில்லை. சிலை உண்டு, தெருப்பெயர் உண்டு, வருடா வருடம் மாலை உண்டு. ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, மாலை கிடைக்காத இருவரைப் பற்றி.

அகஸ்தீஸ்வரத்து டேனியல்

மலையாள சினிமாவின் தந்தை என்று கேரள அரசு இன்று கொண்டாடும் ஜே. சி. டேனியல், கன்னியாகுமரி அருகே அகஸ்தீஸ்வரத்தை வேராகக் கொண்ட வசதியான குடும்பத்தில் 1900-ல் பிறந்தவர். தாய்மொழி தமிழ். களரியில் தேர்ந்தவர், வாள்வீச்சு பற்றி ஆங்கிலத்தில் புத்தகமே எழுதியவர். களரியைப் பற்றிப் படம் எடுக்கலாம் என்று தொடங்கிய ஆசைதான் அவரைச் சென்னைக்கும் பம்பாய்க்கும் கொண்டு போனது. திரும்பி வந்து நிலத்தை விற்றார். திருவனந்தபுரம் பட்டத்தில் ‘திருவாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ என்ற ஸ்டுடியோவைத் தொடங்கினார். கதை, தயாரிப்பு, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, கதாநாயகன் எல்லாம் அவரே.

படத்தின் பெயர் ‘விகதகுமாரன்’. காணாமற்போன பிள்ளை என்று பொருள். சிறுவயதில் இலங்கைக்குக் கடத்தப்பட்ட ஒரு பையனின் கதை. மௌனப்படம். திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் திரையிடப்பட்டது. ஆண்டு 1928 என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 1930 அக்டோபர் என்பதே சரி என்று பிந்திய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

அன்றைக்குத் தியேட்டரில் ரகளை. காரணம், கதாநாயகி. பி. கே. ரோஸி என்ற அந்தப் பெண் புலையர் சமூகத்தில் பிறந்தவர். புல்லறுத்துப் பிழைத்தவர். காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பழகியவர். படத்தில் அவருக்கு நாயர் வீட்டுப் பெண்ணின் வேடம். தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் ஒருத்தி உயர்சாதிப் பெண்ணாகத் திரையில் வருவதா என்று கூட்டம் கொதித்தது. திரையைக் கிழித்தார்கள். தான் நடித்த படத்தை உட்கார்ந்து பார்க்க ரோஸிக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். உயிர் தப்ப ஓடியவர் வழியில் வந்த ஒரு லாரியில் ஏறினார்.

அந்த லாரி வந்து சேர்ந்த ஊர் எது தெரியுமா? நாகர்கோவில். லாரி ஓட்டியவரையே மணந்துகொண்டு, ராஜம்மாள் என்ற பெயரில் இங்கேயே குடும்பம் நடத்தினார். சினிமாவைப் பற்றி வாய் திறக்கவில்லை. 1988-ல் இறந்தார் என்று சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நம் தெருக்களில் நடந்திருக்கிறார். நாம் காய்கறி வாங்கிய சந்தையில் அவரும் வாங்கியிருப்பார். நம்மில் அறுபதைத் தாண்டியவர்கள் எல்லாம் அவர் இருந்த காலத்து ஊரில் வளர்ந்தவர்கள். மலையாள சினிமாவின் முதல் கதாநாயகி நம் ஊரில் இருக்கிறார் என்று ஊருக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை.

டேனியலின் கதி என்ன? போட்ட பணம் திரும்பவில்லை. ஸ்டுடியோ போயிற்று. பல் மருத்துவம் கற்றுத் தமிழ்நாட்டு ஊர்களில் தொழில் செய்தார். சம்பாதித்ததையும் மறுபடி சினிமா ஆசையில் இழந்தார். கடைசியில் அகஸ்தீஸ்வரம் திரும்பினார். நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகைக்குக் கேரள அரசிடம் விண்ணப்பித்தபோது, நீங்கள் தமிழ்நாட்டுக்காரர் என்று மறுத்துவிட்டார்கள். 1975-ல் அங்கேயே காலமானார். சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர் விடாமல் எழுதிய பிறகுதான் அவருக்குரிய இடம் ஒப்புக்கொள்ளப்பட்டது. 1992-ல் அவர் பெயரால் கேரள அரசு வாழ்நாள் சாதனை விருது ஏற்படுத்தியது. 2013-ல் இயக்குநர் கமல் ‘செல்லுலாய்ட்’ என்று அவர் வாழ்க்கையையே படமாக எடுத்தார். ரோஸியைப் பற்றிக் குன்னுகுழி எஸ். மணி என்ற எழுத்தாளர் எழுபதுகளிலிருந்து தேடி எழுதினார். 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் ரோஸியின் சித்திரத்தைப் போட்டது.

ஆனால் படம்? படம் இல்லை. அன்றைய படச்சுருள் நைட்ரேட் என்ற பொருளால் ஆனது; எளிதில் பற்றிக்கொள்ளும். வீட்டில் கிடந்த சுருளை விவரம் தெரியாத வயதில் டேனியலின் பிள்ளையே கொளுத்தி விளையாடிவிட்டதாகச் சொல்லப்படுகிறது. குழந்தையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு மதிப்பு உண்டு என்று அந்தக் காலத்தில் பெரியவர்களுக்கே யாரும் சொல்லவில்லை.

வழக்கு காப்பாற்றிய படம்

இப்போது பேரேட்டின் அடுத்த பக்கம். டேனியலின் உறவினர், நம் நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ். அவருக்கும் படம் எடுக்கும் ஆசை. சி. வி. ராமன்பிள்ளை 1891-ல் வெளியிட்ட ‘மார்த்தாண்டவர்மா’ என்ற புகழ்பெற்ற மலையாள நாவலை எடுத்துக்கொண்டார். பி. வி. ராவ் இயக்கினார். இதுவும் மௌனப்படம். மலையாளத்தில் இரண்டாவது படம், ஒரு நாவலிலிருந்து எடுத்ததில் முதல் படம். நம் மாவட்டத்துக்கு இதில் இரட்டை உரிமை உண்டு. எடுத்தவர் நம் ஊர்க்காரர்; கதை நடக்கும் இடமும் பத்மநாபபுரமும் அதைச் சுற்றிய பகுதியும்தான். அரியணைக்குப் போட்டியிட்டவர்களிடமிருந்து இளவரசர் மார்த்தாண்டவர்மா தப்பித் திரிந்த கதை. பின்னாளில் 1741-ல் குளச்சலில் டச்சுப் படையை முறியடித்தவர் அவரே.

படம் வெளியானவுடன் வழக்கு வந்தது. நாவலின் பதிப்புரிமை திருவனந்தபுரம் கமலாலயா புக் டிப்போவிடம் இருந்தது. அவர்களிடம் முறைப்படி உரிமை வாங்கவில்லை என்று நீதிமன்றம் போனார்கள். படத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. தயாரிப்பாளருக்குப் பெருத்த நஷ்டம். சுருள் பதிப்பகத்தாரின் கைக்குப் போய், அவர்களுடைய பொருட்களோடு பொருளாகக் கிடந்தது.

கிடந்தது என்றேனே, அதுதான் விஷயம். பார்ப்பாரில்லை, ஓட்டுவாரில்லை, ஆனால் தூக்கி எறிவாரும் இல்லை. 1974-ல் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைப் பெற்றுக்கொண்டது. 1964-ல் தொடங்கிய அந்தக் காப்பகத்தை உருவாக்கி வளர்த்த பி. கே. நாயரும் திருவனந்தபுரத்துக்காரர். தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப்படங்களில் ஏறக்குறைய எல்லாமே அழிந்துவிட்டன. நம் ஊர்க்காரர் எடுத்த இந்தப் படத்தின் பெரும்பகுதி இன்றும் பார்க்கக்கூடியதாக இருக்கிறது.

வங்கியில் அடகு நகைப் பெட்டகத்தைக் கவனித்தவன் என்ற முறையில் எனக்கு இது ஆச்சரியமாகப் படவில்லை. வீட்டில் இருந்திருந்தால் அழித்துச் செய்திருப்பார்கள் அல்லது விற்றிருப்பார்கள் என்ற பழங்கால நகை, அடகில் இருந்ததால் பிழைத்ததைப் பார்த்திருக்கிறேன். பொருள் பிழைப்பது அதன் அருமையால் மட்டுமல்ல. யாரோ ஒருவர் ‘இது என் பொறுப்பு’ என்று எழுதி வாங்கிக்கொண்டதால். விகதகுமாரனுக்கு அப்படி எழுதிக்கொள்ள ஆள் இல்லை. மார்த்தாண்டவர்மாவுக்கு, வழக்குப் போட்டவர்கள் புண்ணியத்தில், ஆள் இருந்தது.

ஏன் நம் கணக்கில் ஏறவில்லை?

1956 நவம்பர் 1 வரை நாம் திருவாங்கூர்–கொச்சியில் இருந்தோம். அன்று முதல் சென்னை மாநிலத்தில். தாய்த்தமிழகத்தோடு இணைய நம் முன்னோர் போராடியதும் உயிர் கொடுத்ததும் நமக்குத் தெரியும். எல்லைக்கோடு நிலத்தைச் சரியாகப் பிரித்தது. வரலாற்றை அப்படிப் பிரிக்க முடியாது. டேனியலும் சுந்தர்ராஜும் எடுத்தது மலையாளப் படம் என்று தமிழ் சினிமா வரலாறு எழுதியவர்கள் விட்டுவிட்டார்கள். அவர்கள் தமிழர்கள் என்று கேரளம் வெகுநாள் ஒதுக்கியது. இரு கிளைகளுக்கு இடையிலான பரிமாற்றத்தில், இரண்டு புத்தகத்திலும் பதிவாகாமல் நிற்கும் தொகை போல இவர்கள் நின்றுவிட்டார்கள். அதைச் சரிசெய்ய வேண்டிய கிளை எது என்றால், பணம் புறப்பட்ட கிளைதான்.

இன்றைக்குப் பார்க்கக் கிடைப்பவை

பிள்ளைகளின் கேள்விக்கு நேரடிப் பதிலும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இருப்பவை இவை.

சுசீந்திரம் கோபுரத்தின் உட்புறச் சுவர்களில் ஓவியங்கள் இருக்கின்றன. இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்கிற அவசரத்தில் கோபுரத்தை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. இக்கோயிலைப் பற்றிக் கே. கே. பிள்ளை 1953-ல் வெளியிட்ட ஆங்கில நூல் இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்ப்பது. பத்மநாபபுரம் அரண்மனை, தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது; மேல்மாடியில் சுவரோவியங்கள் உண்டு. குலசேகரம் பக்கம் திருநந்திக்கரைக் குடைவரையில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஓவியத்தின் கோடுகள் மங்கலாக மிஞ்சியிருக்கின்றன. சிதறாலில் பாறை முகத்தில் சமணச் சிற்பங்கள். மயிலாடியில் உளிச்சத்தம் இன்னும் கேட்கிறது. வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்கள் இருக்கிறார்கள்; நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

நிகழ்கலை வேண்டுமென்றால், கொடை நடக்கும் மாதங்களில் எந்த ஊர் அம்மன் கோயிலுக்கும் சுடலைமாடன் கோயிலுக்கும் போங்கள். வில்லுப்பாட்டு உண்டு. வில், குடம், உடுக்கு, தாளம், கட்டை. முன்னால் இருப்பவர் வீசுகோலால் வில்லை அடித்துக் கதையைத் தொடங்குவார். கலைவாணர் படித்த பள்ளிக்கூடம் இதுதான். தோல்பாவைக்கூத்து இன்னொன்று. வீட்டில் மராத்தி பேசும் குடும்பங்கள் தமிழில் இராமாயணக் கதை நடத்துவார்கள். ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவைகள். வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு. இடையிடையே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து சிரிக்க வைப்பார்கள். சினிமா வருமுன்பே வெளிச்சத்தையும் திரையையும் வைத்து நம் ஊரார் படம் பார்த்திருக்கிறார்கள். டேனியல் படம் காட்டியபோது திரை என்பது இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. அதில் யார் என்ன வேடத்தில் வரலாம் என்பதில்தான் அவர்கள் சண்டை போட்டார்கள்.

ஒலிக்கு வந்தால், இலங்கை வானொலி இங்கே துல்லியமாகக் கேட்ட காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இந்தியாவிலேயே முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில்தான் தொடங்கியது என்பது பலருக்கு நினைவிருக்காது. கோனாம் பக்கம் போகும்போது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நம்மால் ஆகக்கூடியது

காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று எது கிடைத்தாலும் சேர்த்தார். 1992-ல் அவர் இறந்தபின் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதை அமெரிக்காவுக்குக் கொண்டு போகாமல், அதை வைத்து 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இன்று தமிழ் பற்றி ஆராய்கிற எவரும் அங்கே போகாமல் இருக்க முடியாது. பலகை எழுதிய ஒரு மனிதர் ‘இது என் பொறுப்பு’ என்று நினைத்ததன் பலன்.

நம் அடுக்ககத்தில் எத்தனையோ வீடுகள். பழைய வீட்டை விற்றுவிட்டு இங்கே குடிவந்தவர்கள் நிறையப் பேர். சாமான் குறைக்க வேண்டும் என்று பெட்டி பெட்டியாக ஆக்கர் கடைக்குப் போடுவதை லிஃப்டில் பார்க்கிறேன். போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கிக் கீழ்க்கண்டவற்றை மட்டும் எடுத்து வையுங்கள்.

1. இசைத்தட்டு இருந்தால் படுக்கவைத்து அடுக்காதீர்கள்; புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். வெயில் படும் பால்கனி கூடாது. 78 சுற்றுத் தட்டை எல்.பி. முள்ளில் ஓட்டக் கூடாது. பள்ளத்தின் அகலமே வேறு. லேபிளை அழிக்காமல் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள எண் ஆண்டைக் கண்டுபிடிக்க உதவும்.

2. கேசட்டில் வீட்டுப் பெரியவர் குரல், கோயில் கொடை வில்லுப்பாட்டு, கல்யாண நாதஸ்வரம் பதிவாகியிருக்கலாம். மேலே சினிமாப் பாட்டு என்று எழுதியிருந்தாலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

3. தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், பழைய வாழ்த்துமடல் எதையும் லேமினேஷன் செய்யாதீர்கள். காற்றுப் படும் காகித உறையில் போட்டு வையுங்கள்.

4. பழைய போட்டோவின் பின்பக்கம் யார், எந்த ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதுங்கள். தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள். ரோஸியின் படம் என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒரு புகைப்படத்துக்காக ஆய்வாளர்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

சங்க அலுவலகத்தில் ஒரு நீளப் பதிவேடு வைத்திருக்கிறேன். பொருள், ஆண்டு, யாருடையது, இப்போது எந்த வீட்டில் என்று நாலு பத்தி போட்டிருக்கிறேன். பொருளைத் தர வேண்டாம், உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். பதிவு மட்டும் செய்யுங்கள். எண்பது வயதைத் தாண்டியவர்கள் நம் பிளாக்குகளில் சிலர் இருக்கிறார்கள். பழைய தியேட்டர்கள், டூரிங் கொட்டகை, நாடகக் கம்பெனி முகாம், ரிக்கார்டு போட்ட கல்யாண வீடு பற்றி அவர்களுக்குத் தெரிந்ததை யாராவது பேரப்பிள்ளை செல்போனில் பதிவு செய்தால் அதையும் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம். லாரியில் வந்து இறங்கி இந்த ஊரிலேயே வாழ்ந்து முடித்த ராஜம்மாள் என்ற பெண்ணை யாருக்காவது நினைவிருந்தால் அவசியம் சொல்லுங்கள். அவருடைய குடும்பத்தாரின் அமைதியைக் கெடுக்காத அளவுக்கு மட்டும் எழுதி வைப்போம்.

பதிவேடு தினமும் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை அலுவலக மேசையில் இருக்கும். பேனாவும் நூலில் கட்டித் தொங்குகிறது. அடுத்த இதழில் எத்தனை வரி நிறைந்தது என்று கணக்குக் கொடுக்கிறேன்.